காவல் கோட்டத்தை எந்தப் பக்கமிருந்து திறப்பது

மதுரையில் நாவல் வாசிக்கிற வீடுகளில் ‘காவல் கோட்டம்’ இல்லாத அலமாரி அபூர்வம். அதைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தவரைத் தேடினால் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். நடுவில் விட்டவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே பதில்தான்: “நாயக்கர் வர்ற வரைக்கும் வந்தேன், அதுக்கு மேல ஓடல.” அதை எழுதிய சு. வெங்கடேசனைப் பற்றிப் பேச, வண்டி ஏன் சரியாக அந்த இடத்தில் நிற்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

அதற்கு முன்னால் புத்தகம் என்கிற பொருளைப் பற்றி நாலு வார்த்தை. 2008-இல் தமிழினி வெளியிட்ட பதிப்பு 1048 பக்கம். இந்தத் தடிமனில் இருக்கிற புத்தகத்தை வாங்கிய கையோடு நடுவில் பிரித்துக் கவிழ்த்து வைத்தால் முதுகில் இருக்கிற பசை அங்கேயே விரிசல் விடும். பிறகு அந்த இடத்திலிருந்து தாள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பைண்டிங் வேலை தெரிந்தவர்கள் செய்கிற முறை வேறு. புத்தகத்தின் முதுகு மேஜையில் படும்படி நிறுத்தி, முன்னட்டையையும் பின்னட்டையையும் மட்டும் இருபுறமும் படுக்க வைப்பார்கள். அப்புறம் முன்னாலிருந்து இருபது தாள், பின்னாலிருந்து இருபது தாள் என்று மாற்றி மாற்றி விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். பத்து நிமிஷ வேலை, முதுகு பல வருஷம் தாங்கும். ஒரு நாளைக்கு 25 பக்கம் என்று வைத்தால் வாசித்து முடிக்க 42 நாள் ஆகும். படுத்துக்கொண்டு வாசிக்கிற புத்தகம் இல்லை. மணிக்கட்டு வலித்தே பலர் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வாசிப்பதற்கும் அதே முறைதான். முன்னாலிருந்து மட்டும் போனால் நடுவில் முறியும். கதை ஓடுகிற காலம் 1310 வாக்கிலிருந்து 1910 வாக்கு வரை, அறுநூறு வருஷம். மாலிக் காபூர் படை வருகிறது. காவல்காரக் கணவனைப் பறிகொடுத்த சடைச்சி கர்ப்பிணியாக அமணமலைப் பக்கம் போகிறாள், அவள் வம்சத்தில் தாதனூர் என்கிற ஊர் உண்டாகிறது. இதுவரை எல்லாரும் வாசித்துவிடுகிறார்கள். பிறகு குமார கம்பணன், விசுவநாத நாயக்கர் என்று அரசர்களும் தளபதிகளும் வரிசையாக வருவார்கள், போவார்கள். ஒருவரைப் பிடித்துக்கொள்வதற்குள் அவர் செத்துப்போவார். நாயகனைத் தேடிக்கொண்டே போகிற வாசகருக்குக் கையில் பிடி எதுவும் கிடைக்காது. அங்கேதான் புத்தகம் அலமாரிக்குத் திரும்புகிறது.

இந்த நாவலில் நாயகன் ஓர் ஆள் இல்லை, காவல் என்கிற ஏற்பாடு. அது எப்படி முடிந்தது என்று முதலில் தெரிந்துகொண்டு வாசித்தால் முன்பாதியில் வருகிற ஒவ்வொரு அரசரும் அந்த ஏற்பாட்டுக்கு என்ன செய்தார் என்ற கேள்வி கூடவே வரும். அப்போது பெயர்களை மறந்தாலும் கதை நழுவாது.

காவல் என்றால் இன்றைக்கு நமக்கு வாட்ச்மேன் ஞாபகம்தான் வருகிறது. பழைய மதுரைச் சீமையில் அது ஒரு ஒப்பந்தம். ஓர் ஊர் தன் களத்தையும் மாட்டையும் வீட்டையும் காக்க ஒரு காவல்காரரை ஏற்றுக்கொள்ளும். அறுவடைக்கு அறுவடை அவருக்குத் தானியம் அளக்கும். அதுதான் காவல் கூலி. அந்த ஊரில் களவு போனால் காவல்காரர் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் கைக்காசிலிருந்து ஈடுகட்ட வேண்டும். போன மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று துப்புச் சொல்லி மீட்டுத் தருவதற்கு வாங்குவது துப்புக்கூலி. ஊருக்கு ஊர் இருக்கிற காவல் ஒரு தட்டு, பாளையக்காரரும் பெரிய காவல்காரரும் ஒரு வட்டாரத்துக்கே பொறுப்பேற்கிற திசைக்காவல் அதற்கு மேல் தட்டு.

ஏற்பாட்டின் மறுபக்கம், காவல் கொடுக்காத ஊரில் களவு நடக்கும் என்பது. நடத்துகிறவர்களும் பெரும்பாலும் காவல் தெரிந்தவர்கள்தான். களவு எப்படிச் செய்வது என்று தெரியாதவனால் காவல் காக்க முடியாது என்ற நியாயம் தாதனூரில் யாருக்கும் விசித்திரமாகத் தெரிவதில்லை. கன்னம் வைப்பதை, அதாவது சுவரில் ஓட்டை போட்டு நுழைவதை, வெங்கடேசன் ஒரு கைத்தொழிலைப்போல எழுதுவது இதனால்தான். கன்னக்கோலைச் சுவரின் எந்த வரிசையில் கொடுப்பது, எந்தச் சுவர் சத்தம் போடாமல் உதிரும், ஆள் நுழைகிற அளவு வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இப்படிப்பட்ட கேள்விகள் நம்ம பக்கத்து வாய்மொழிக் கதைகளிலும் உண்டு. தலையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கம்பில் சட்டியைக் கவிழ்த்து ஓட்டைக்குள் விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே யாராவது அரிவாளோடு காத்திருந்தால் சட்டிதான் உடையும். களவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தச் சட்டிக்கு நாவலில் இடம் கிடைத்திருக்காது.

வெள்ளைக்காரர் ஆட்சிக்கு இந்த ஏற்பாடு பிடிபடவில்லை. 1859-இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. ஒரே ஊரில் காவல் கூலி வாங்குகிறவரும் சம்பளம் வாங்குகிற போலீசும் இருந்தால் ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். கூலியை நிறுத்திய பிறகு ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது களவு என்கிற பாதி மட்டும். அந்தப் பாதியை வைத்து 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் ஊர் ஊராக ஆட்களைப் பதிவு செய்தது. உசிலம்பட்டிப் பக்கம் இன்னும் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும், ஊரைவிட்டுப் போனால் கையில் ராதாரிச் சீட்டு என்கிற அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்றவர்களில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாவல் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. ஆனால் பெருங்காமநல்லூர் தெரியாமல் கடைசி நூறு பக்கத்தை வாசித்தால் அங்கே கூடிக்கொண்டே வருகிற பாரம் புரியாது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது.

இவ்வளவும் தெரிந்த பிறகு முன்பக்கத்துக்கு வரலாம். அப்போது திருமலை நாயக்கர் மகாலில் நடக்கிற களவுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். மகால் கட்டியது 1636-இல். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். கூரையில் ஓட்டை போட்டு இறங்கி ராஜாவின் நகையைத் தூக்கிய திருடன் கதை மகாலைச் சுற்றி வெகுகாலமாக உலவுகிறது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மானியம் என்று ராஜா சொன்னார், கொண்டுவந்து கொடுத்தவனுக்கு மானியத்தையும் கொடுத்துத் தலையையும் வாங்கினார் என்று அந்தக் கதை முடியும். நாவலில் அதே களவு மதுரைக் கோட்டையின் காவல் உரிமையில் போய் முடிகிறது. தாதனூர்க்காரன் மகாலுக்குள் கன்னம் வைப்பது வேலைக்குப் போட்ட மனு மாதிரி.

உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிவது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் திடீரென்று மாசப் பெயர் நின்றுபோய் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று ஆள் பெயர் வருவதைப் பலர் யோசிப்பதில்லை. அது கோட்டை இருந்த இடம். விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுப்பியது, 72 கொத்தளம், சுற்றிலும் அகழி. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அதை இடித்தார். இடிக்கப் பணத்துக்கு எங்கே போவது? சுவரை இடித்து அந்த மண்ணால் அகழியைத் தூர்த்துக்கொள்கிறவர்களுக்கே அந்த மனை என்று அறிவித்தார். நகரம் தன்னைத்தானே இடித்துக்கொண்டது. வேலையை மேற்பார்த்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் ஆளுக்கொரு வீதி கிடைத்தது. கோட்டைக்கு வெளியே இருந்தது வெளி வீதி. கலெக்டர் நினைவாக வைத்த விளக்குத்தூண் கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேருகிற இடத்தில் நிற்கிறது. அதைச் சுற்றித் தீபாவளிக்குத் துணி எடுக்கிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது எதற்கு வைத்த தூண் என்று தெரியாது.

விளக்குத்தூணில் ஆரம்பித்து, தெற்கு மாரட் வீதி வழியாக மேற்கே திரும்பி, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிக்கு வந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் கோட்டையின் ஒரு துண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போனால் நின்று பார்க்கலாம், எட்டுக்கு மேல் பஸ் ஹாரனில் நிற்க முடியாது. கோட்டை இடிக்கிற பகுதியை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். சுவரில் குடியிருக்கிற காவல் தெய்வங்களை என்ன செய்வது என்று ஊர் பதறுகிற அத்தியாயங்கள் அவை. சுவரை இடிக்க கலெக்டர் உத்தரவு போதும், சாமியை இறக்க சாமியாடி வேண்டும். என்னைக் கேட்டால் வெங்கடேசன் எழுதியதிலேயே உச்சம் இதுதான். ஆவணத்தில் ஒரு வரியாகக் கிடக்கிற நிர்வாக நடவடிக்கை, ஊர் ஜனங்களின் பயமாக மாறி அருள் வந்து ஆடுகிறது. அடுத்த உச்சம் 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். மதுரைத் தாசி குஞ்சரத்தம்மாள் சொத்தை விற்றுக் கஞ்சி ஊற்றிய கதை இன்றைக்கு மேடைக்கு மேடை வருகிறது என்றால் அதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த ஆள் எங்கிருந்து வந்தார்? 1970-இல் பிறந்தவர், ஊர் ஹார்விபட்டி. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் மதுரை மில் தொழிலாளர்களுக்காக ஹார்வி கம்பெனி உண்டாக்கிய குடியிருப்பு அது. அங்கிருந்து கிளம்பினால், நாவலின் தாதனூருக்கு மூலமான கீழக்குயில்குடி கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் சைக்கிள் தூரம். முதலில் எழுதியது கவிதை. தொகுப்புகளும் வந்தன. மார்க்சிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியர், 1975-இல் மதுரையில் தொடங்கப்பட்ட தமுஎகசவில் (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) பொதுச் செயலாளர் வரை வந்தவர். நாவலுக்குப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டார்.

பத்து வருஷம் என்பதைச் சில்லறைக் கணக்காகப் பார்க்க வேண்டும். 600 ரூபாய் விலை வைத்த ஒரு நாவல் ஆயிரம் பிரதி விற்றால் ஆறு லட்சம். வழக்கமான பத்து சதவீத ராயல்டிப்படி எழுதியவருக்கு 60,000 ரூபாய். பத்து வருஷத்தால் வகுத்தால் மாசம் ஐந்நூறு. தமிழில் பெரிய நாவல் எழுதியவர்களில் அரசாங்க வேலை, வாத்தியார் வேலை, பேங்க், தொலைபேசித் துறை என்று ஏதோ ஒன்றில் இருந்தவர்களே அதிகம் என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். இவருக்கு அந்த இடத்தில் இயக்கம் இருந்தது. அதில் சம்பளம் சொற்பம்தான், ஆனால் ஒரு எழுத்தாளருக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காதது ஒன்று கிடைத்தது: கிளைக் கூட்டத்துக்கும் கலை இரவுக்கும் போகிற ஒவ்வொரு ஊரிலும் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆள். ஆவணக் காப்பகத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். துப்புக்கூலி கைமாறின விதத்தைச் சொல்ல எழுபது வயசுப் பெரியவர் வாய் திறக்க வேண்டுமே.

அதே இயக்கத்தால் எழுத்தில் ஒரு பழுதும் உண்டு என்று நினைக்கிறேன். கூட்டமாக நடக்கிற எதையும் இவர் அற்புதமாக எழுதுவார்: முற்றுகை, திருவிழா, பஞ்சம், படை. தனி மனிதர் ஒருவர் ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிற காட்சி என்றால் வேகமாகக் கடந்துவிடுவார். காவல் கோட்டம் வந்தபோதே கடுமையான விமர்சனங்களும் வந்தன, கொண்டாட்டக் கட்டுரைகளும் வந்தன. இரண்டு தரப்பும் பேசியது இதே குணத்தைத்தான். 2011-இல் முதல் நாவலுக்கே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, அப்போது வயது 41. நாவலின் ஒரு பகுதியை எடுத்து வசந்தபாலன் இயக்கிய ‘அரவான்’ 2012-இல் வந்தது. படம் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது ஒரு கிளைதான்.

அடுத்து வந்த பெரிய வேலை முற்றிலும் வேறு தொழில்நுட்பம். ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ ஆனந்த விகடனில் 2016-இல் தொடங்கி நூறு வாரத்துக்கு மேல் தொடராக ஓடியது. ஓவியம் மணியம் செல்வன். பத்து வருஷம் யாருக்கும் காட்டாமல் எழுதியவர் வாரா வாரம் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தார். தொடர் எழுத்தில் எங்கே எது கெடும் என்பது பத்திரிகை அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போன வாரம் அச்சானதை இந்த வாரம் திருத்த முடியாது, பதினைந்தாம் வாரத்தில் ஒருவனுக்கு இடது கையில் தழும்பு வைத்துவிட்டால் எண்பதாம் வாரத்திலும் அது இடது கைதான். ஓவியர் வரைய வேண்டும் என்பதால் காட்சி முன்கூட்டியே முடிவாகிவிட வேண்டும். ஒவ்வொரு பகுதியும் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கியில் முடிய வேண்டும். வாரா வாரம் வாசிக்கும்போது அந்தக் கொக்கி இனிக்கும். இரண்டு தொகுதிப் புத்தகமாக மொத்தமாக வாசிக்கும்போது இருபது பக்கத்துக்கு ஒருமுறை ஒரே மாதிரி மூச்சைப் பிடிக்க வைப்பது தெரிந்துவிடும். போர் நடக்கிற கடைசிப் பகுதி இதில் ரொம்ப அடிபடுகிறது. ஆகவே வேள்பாரியை ஒரே வாரத்தில் வாசித்து முடிக்க வேண்டாம். நிதானமாக, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பகுதியாக வாசித்தால்தான் ருசி.

இங்கேயும் நாயகன் பெயரில் ஏமாந்துவிடக் கூடாது. பாரி என்று தலைப்பில் இருந்தாலும் எழுதியிருப்பது பறம்பு எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதைத்தான். எந்தப் பச்சிலை எங்கே முளைக்கும், எந்தப் பாதையில் எந்த விலங்கு வரும், யார் எதைக் கவனிக்க வேண்டும் என்ற மலைவாசிகளின் அறிவுதான் அங்கே கோட்டை. தாதனூரில் மனுஷர் செய்த காவலை இங்கே காடு செய்கிறது. கபிலர் வெளியிலிருந்து மலையேறி வருவது நல்ல உத்தி, தெரியாத ஒவ்வொன்றையும் அவரோடு சேர்ந்து நாமும் கேட்டுக்கொள்கிறோம். பாரி மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள்’ புறநானூற்றில் 112-ஆம் பாட்டு, ஐந்தே வரி. அதை முதலில் வாசித்துவிட்டு நாவலுக்குள் போனால் பறம்புக்கு என்ன நேர்ந்ததாகப் பாட்டு சொல்கிறது என்று தெரிந்தே மலை ஏறலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த நாவலில் வடக்கு நோக்கியே உட்கார்ந்து திசை காட்டுகிற தேவவாக்கு விலங்கு வருகிறது, அதாவது தேவாங்கு. நம் திண்டுக்கல் பக்கத்துக் காடுகளில் இருக்கிற பிராணிதான். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022-இல் அரசு அறிவித்தது, நாட்டிலேயே தேவாங்குக்கு என்று முதலாவது. நிஜத் தேவாங்கு ராத்திரியில் மெல்ல நகர்ந்து பூச்சி தின்னும். திசை காட்டுவது கதை. வேள்பாரி வாசித்த பிள்ளைகள் அதைச் சங்க காலத் தகவலாகவே சொல்லக் கேட்டால் திருத்திவிடுங்கள். பாடலில் இருப்பது, காட்டில் இருப்பது, கற்பனை மூன்றையும் தையல் தெரியாமல் தைப்பது இவருடைய கைவரிசை. வாசகருக்கு மயக்கம் வருவதும் அதனால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘சந்திரஹாசம்’ சித்திர நாவல், பாண்டியச் சகோதரச் சண்டைக் காலம், காவல் கோட்டத்துக்கு முன்கதை மாதிரி எடுத்துக்கொள்ளலாம். ‘வைகை நதி நாகரிகம்’ கீழடி பற்றிய கட்டுரைகள், பள்ளிச்சந்தைத் திடலில் 2015-இல் தோண்டத் தொடங்கிய சூட்டோடு எழுதியது, இன்றைய மியூசியத்துக்குப் போகிற முன் வாசிக்கத் தோதானது. 2019-லும் 2024-லும் மதுரை எம்.பி. ஆனபிறகு பேச்சும் கடிதமும் கேள்வியும்தான் அதிகம் வெளியே வருகின்றன. இன்னொரு பத்து வருஷ நாவலுக்கு நேரம் எங்கே இருக்கும் என்பது வாசகர் கவலை.

எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: வயசு இருபதுக்குள் என்றால் வேள்பாரி. மதுரைக்காரர் என்றால் தயங்காமல் காவல் கோட்டம், ஆனால் ஒரு வெள்ளைத் தாளோடு. தாளை மூன்று பத்தியாக மடித்து வருஷம், கோட்டையில் என்ன நடந்தது, தாதனூரில் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டே போங்கள். அரசர் பெயரை எழுத வேண்டியதில்லை. முதலில் நடுப்பத்தி நிரம்பும், மூன்றாவது பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். பிளாக்பர்ன் வந்த பிறகு மூன்றாவது பத்திக்குத் தாள் போதாது.

பாதி வாசித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போய்வரலாம். அமணமலை என்று நாவலில் வருவது சமணமலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், காவல் தெய்வத்தின் கோயில். மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள். படி வெட்டியிருக்கிறது, ஆனால் பாறை ஒன்பது மணிக்கே சுடும். ஆறரைக்கு ஏறி எட்டுக்குள் இறங்கிவிடுங்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். மேலே நின்று கிழக்கே பார்த்தால் மதுரை தெரியும். ராத்திரி முறைக்காவலுக்கு இங்கிருந்து கிளம்பினவன் நடந்த தூரம் எவ்வளவு என்பது அப்போதுதான் காலுக்கு உறைக்கும்.